முதுகு ஆபரேஷனுக்கு முன்னால் போடும் அந்த ஒரு ஊசி: உங்கள் அனுபவம் என்ன?

திருநெல்வேலி, மகள்

அப்பாவுக்கு 64 வயது, பல வருஷமாகச் சர்க்கரை. இடுப்பு டிஸ்க்குக்கு ஸ்க்ரூவும் ராடும் வைக்க வேண்டும் என்றார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு 9-க்கு மேல் இருந்ததால், குறைத்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கே இரண்டரை மாதம் ஓடியது.

ஆபரேஷன் அன்று காலை சிஸ்டர் வந்து முன்கையில் தோலுக்கடியில் துளி மருந்து ஏற்றி, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டார். தொற்று வராமல் தடுக்க ஆபரேஷனுக்கு முன் போடும் ஆன்டிபயாடிக் ஊசி அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும் டெஸ்ட் டோஸ். அப்பா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தடிக்கவில்லை, சிவக்கவும் இல்லை. "முழு ஊசியையும் இங்கேயே போட்டுடலாமே சிஸ்டர்?" என்று கேட்டேன். "இல்லம்மா, அது தியேட்டர்லதான். இங்கே போட்டா, அங்கே கத்தி வைக்கிறதுக்குள்ள மருந்தோட அளவு இறங்கிடும்" என்றார்.

டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்ததும் வீட்டில் சண்டை. வலி மாத்திரை இருக்கிறது, சர்க்கரை மாத்திரை இருக்கிறது, ஆன்டிபயாடிக் இல்லை. "ஊர்ல எல்லாருக்கும் பத்து நாளைக்குத் தர்றாங்க, இவருக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று சித்தப்பா மருந்துக்கடைக்கே போய் ஒரு அட்டை வாங்கி வந்துவிட்டார். இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

கோவை, தியேட்டர் செவிலியர்

பதினோரு வருஷமாகத் தண்டுவட ஆபரேஷன்களில் நிற்கிறேன். எங்களுக்கு மருந்தைப் போல அதைப் போடும் நேரமும் முக்கியம். கிருமி பெரும்பாலும் நோயாளியின் தோலிலிருந்தே புண்ணுக்குள் இறங்குகிறது. அது இறங்கும்போது மருந்து ஏற்கெனவே திசுவில் காத்திருக்க வேண்டும். 1961-லேயே ஜான் பர்க் என்ற டாக்டர் கினிப்பன்றிகளில் காட்டிவிட்டார்: கிருமி நுழையும் முன் கொடுத்த மருந்து நன்றாக வேலை செய்தது, மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தது பயன்படவில்லை. 1992-ல் அமெரிக்காவில் 2,847 நோயாளிகளைப் பார்த்தார்கள். கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் 0.6 சதவீதம் பேருக்குத்தான் புண்ணில் தொற்று வந்தது. அதற்கும் முன்பே போட்டவர்களில் 3.8, கத்தி வைத்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு போட்டவர்களில் 3.3.

இப்போது செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் என்றால் கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள், 2 கிராம். எடை 120 கிலோவைத் தாண்டினால் 3 கிராம். கூன் முதுகை நிமிர்த்தும் ஆபரேஷன் ஆறேழு மணி நேரம் போகும். அதனால் ஊசி போட்ட நேரத்தைச் சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில் எழுதி வைப்போம். நாலு மணி நேரம் ஆனதும், "டாக்டர், அடுத்த டோஸ்" என்று நான்தான் குரல் கொடுப்பேன். ரத்தம் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனாலும் திரும்பப் போட வேண்டும். அந்தக் குரலை ஒருநாளும் நான் மறந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயமே.

திருச்சி, நோயாளி

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். சின்ன வயதில் ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்ததாம். அம்மா சொன்னதை வைத்து ஃபைலில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதிவிட்டார்கள். அதனால் செஃபசோலினுக்குப் பதிலாக வான்கோமைசின் என்ற வேறு ஆன்டிபயாடிக். அதை மெதுவாகத்தான் ஏற்ற முடியும், ஒரு மணி நேரமாவது பிடிக்கும். எனக்கோ தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் டிரிப்ஸையே மாட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் சீழ். திரும்பவும் திறந்து கழுவி, ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து. ஸ்க்ரூவின் மேல் கிருமி படலமாகப் படிந்துவிட்டால் மருந்து எட்டுவது கஷ்டம் என்றார்கள். ஊசி தாமதமானதால்தான் இப்படி ஆனது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிறகு முறையாகப் பரிசோதித்தபோது எனக்கு அந்த அலர்ஜியே இல்லை என்று வந்தது. அன்று அழுதேவிட்டேன்.

மதுரை, மகன்

எங்கள் அப்பா உதவி செய்கிறேன் என்று முந்தின ராத்திரியே ரேசரால் முதுகை மழித்துக்கொண்டார். தோலெல்லாம் பொடிக் கீறல். கீறலில் கிருமி குடியேறும் என்று சொல்லி ஆபரேஷனையே தள்ளி வைத்துவிட்டார்கள். முடி எடுத்தாக வேண்டும் என்றால் அவர்களே மெஷினால் எடுத்துக்கொள்வார்கள், நீங்கள் தொடாதீர்கள்.

திருநெல்வேலி, மகள்

சிஸ்டர், அண்ணா, எல்லோருக்கும் நன்றி. எங்கள் டாக்டரிடமும் கேட்டேன். தையல் போட்டு முடித்த பிறகு தடுப்புக்காக ஆன்டிபயாடிக்கை நீட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டதாம். நீட்டினால் தொற்று குறையாது, வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் மிஞ்சும் என்றார். காய்ச்சல் வந்தாலோ புண் கசிந்தாலோ மட்டும் உடனே ஓடி வரச் சொன்னார். பதினாலாம் நாள் தையல் பிரித்தார்கள், புண் காய்ந்திருந்தது. சித்தப்பா வாங்கிய அட்டை பிரிக்காமலே கடைக்குத் திரும்பியது.

திருச்சி அண்ணா எழுதியதைப் படித்ததும் அம்மாவின் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி'. எப்போது, எதனால் என்று அம்மாவுக்கே தெரியவில்லை. அவருக்கு அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன். திங்கட்கிழமை அந்த ஃபைலோடு போய்க் கேட்கப் போகிறேன்.