பொறியியல் முதலாண்டில் உங்களைத் தடுத்து நிறுத்திய கருத்து எது?

முட்டத்திலிருந்து:

கயிற்றின் நடுவில் ஒரு சுருள்வில் தராசு. கயிற்றின் இரு முனைகளும் கப்பிகளின் மேல் சென்று தொங்குகின்றன. முனைக்கு 10 கிலோ. தராசு எவ்வளவு காட்டும் என்று ஆசிரியர் கேட்டபோது நான் எழுந்து 20 என்றேன். பின் வரிசையில் ஒருவர் பூச்சியம் என்றார். ஆசிரியர் பலகையில் 10 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். வினைக்குச் சமமான எதிர்வினை உண்டு என்பது எனக்கு மனப்பாடமாகவே தெரியும். ஆனால் அந்த 10 எங்கிருந்து வந்தது என்பது அன்றும் தெரியவில்லை, அந்தப் பருவத் தேர்வில் தேறிய பிறகும் தெரியவில்லை.

விடுமுறையில் கரமடி வலையைக் கரைக்கு இழுத்து முடிந்த ஒரு காலையில், மீன் நிறுக்கும் தராசைச் சித்தப்பாவிடம் வாங்கி, அதன் ஒரு முனையைத் தென்னையில் கட்டி, முள் 10-இல் நிற்கும்வரை மறுமுனையை இழுத்தேன். பிறகு தென்னைக்குப் பதிலாகச் சித்தப்பாவே அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். அவர் அசையாமல் நிற்பதற்காகத் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார் என்பதை அவர் கால்கள் மணலில் புதைந்த விதமே காட்டியது. முள் அதே 10-இல் நின்றது. அப்படியானால் தென்னையும் என்னை 10 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கப்பிக் கணக்கின் இரண்டாவது 10 கிலோ செய்த வேலையும் அந்தத் தென்னை செய்த வேலைதான். இழுவிசை என்பது இரு பக்கத்து இழுப்புகளின் கூட்டுத்தொகை அன்று, கயிற்றின் எந்த இடத்தை வெட்டினாலும் அங்கே ஒரு பக்கம் மறுபக்கத்தை இழுக்கும் அளவு என்பது அந்த மணலில்தான் எனக்கு விளங்கியது.

தக்கலையிலிருந்து:

நான் கட்டடப் பொறியியல் படித்தவள். முதலாண்டின் அடிப்படை மின்னியல் வகுப்பில், 12 வோல்ட் மின்கலத்தின் குறுக்கே இரண்டு சம மின்தடைகளைத் தொடராக வரைந்து, எதிர்முனையில், பூச்சியம் வோல்ட் இடத்தைக் காட்டும் தரைக் குறியீடு இட்டு, மூன்று புள்ளிகளுக்கும் 12, 6, 0 என்று எழுதினார்கள். பிறகு அதே குறியீட்டை அழித்து நடுப்புள்ளியில் இட்டதும் 6, 0, மைனஸ் 6 ஆயிற்று. சுற்றே மாறிவிட்டது என்று நான் நினைத்தேன். மைனஸ் 6 வோல்ட் உள்ள கம்பியைத் தொட்டால் என்ன ஆகும் என்று கேட்க நினைத்து, வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அது விளங்கியது மாத்தூர் தொட்டிப் பாலத்தின் மேல் நடந்தபோது. 1966-இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் தொட்டி, 28 தூண்களின் மேல், பறளியாற்றுக்கு ஏறக்குறைய 115 அடி உயரத்தில் தண்ணீரைக் கொண்டு போகிறது. தண்ணீர் ஓடுவது அந்த 115 அடியால் அன்று. தொட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள சிறு சரிவால்தான். உயரத்தை ஆற்றுப் படுகையிலிருந்து அளந்தாலும் கடல் மட்டத்திலிருந்து அளந்தாலும் சரிவு மாறாது. நில அளவைப் பயிற்சியில் அடையாளக் கல்லின் மட்டத்தை 100 மீட்டர் என்று நாமே வைத்துக்கொண்டு தொடங்கியிருக்கிறேனே, தரைக் குறியீடும் அப்படி நாம் நடும் கல்தானே என்று அன்று தோன்றியது.

பார்வதிபுரத்திலிருந்து:

தக்கலை சகோதரி சொன்ன வேறுபாட்டுக் கருத்து சரி. ஆனால் தண்ணீர் உவமையை இவ்வளவு நம்புவதை நான் ஏற்கவில்லை. விளக்குக்கு முன்னால் மின்னோட்டம் கூடுதல், விளக்கு தின்றதுபோக மீதிதான் பின்னால் வரும் என்று நான் தேர்வில் எழுதியதற்குக் காரணமே வயலுக்குப் பாயும் வாய்க்கால்தான். ஆய்வகத்தில் விளக்கின் இரு பக்கமும் அம்மீட்டர் வைத்தபோது இரண்டும் ஒரே அளவைக் காட்டின. கருவி பழுது என்று நான் வேறு அம்மீட்டர் கேட்டு வாங்கினேன்.

குழாயை வெட்டினால் தண்ணீர் வெளியே கொட்டும். கம்பியை வெட்டினால் ஓட்டம் நின்றுவிடும். வீட்டுக் கம்பிக்குள் எலக்ட்ரான்களின் நகர்வு வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. விசையை அழுத்தியவுடன் விளக்கு எரிவது, கம்பி முழுவதும் அவை முன்பே நிறைந்திருப்பதாலும் மின்புலம் மிக விரைவாகப் பரவுவதாலும்தான். ஆகவே முதலாண்டுக்குப் பாடம் எடுப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உவமையைச் சொல்வதற்கு முன் மாணவர் கையில் மீட்டரைக் கொடுங்கள். என்ன அளவு வரும் என்று முதலில் அவரையே எழுதச் சொல்லுங்கள். பிறகு அளக்கச் சொல்லுங்கள். எழுதியதும் அளந்ததும் மாறுபடும்போது உடனே விடையைச் சொல்லிவிடாமல், அவர் கருவியைக் குறை சொல்லி ஓயும்வரை பக்கத்தில் நில்லுங்கள். உவமை சொல்லியே ஆகவேண்டுமென்றால், அது எந்த இடத்தில் பொருந்தாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து:

என்னை வருத்தியது ஒரு சொல். தமிழ் வழியில் படித்து வந்த எனக்குக் கலப்பெண்ணின் (மைனஸ் 1-இன் வர்க்கமூலம் கலந்த எண்ணின்) 'கற்பனைப் பகுதி' என்பது கணக்குப் புத்தகத்தோடு முடிந்துபோகும் பொருளாக இருந்தது. கல்லூரியில் மாறுமின்னோட்டப் பாடத்தில் அதே பகுதி, போய்த் திரும்பும் மின்திறனுக்கு இட்ட ரியாக்டிவ் பவர் என்ற பெயரில் வந்து நின்றபோது, இல்லாத ஒன்றை எதற்காகக் கணக்கிடுகிறோம் என்ற கேள்வியிலேயே என் மனம் நின்றுவிட்டது.

என் அப்பா முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தவர். நான் இதைச் சொன்னபோது அவர், "மக்களே, இல்லாத ஒண்ணுக்கு எவனாவது ரூவா கெட்டுவானா?" என்று கேட்டார். தூண்டல் மின்னாக்கி உள்ள பழைய வகைக் காற்றாலைகள் தம் காந்தப்புலத்தை உண்டாக்கிக்கொள்ள மின்கட்டமைப்பிலிருந்து ரியாக்டிவ் பவரை வாங்குகின்றன. மீட்டரில் அது தனியாகப் பதிவாகிறது. அளவு மீறினால் கட்டணம் வருகிறது. அதைக் குறைக்கவே கோபுரத்தின் அடியில் மின்தேக்கிகளை வைத்திருக்கிறார்கள். அவர் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டிய நேரம் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதன் பிறகே பலகையில் கற்பனைப் பகுதிக்கு முன்னால் இருந்த ஜே என்ற எழுத்து எனக்குப் பேசத் தொடங்கியது. ஜே-ஆல் பெருக்குவது என்றால் கால் சுற்று திருப்புவது. இருமுறை திருப்பினால் எதிர்த்திசை, அதாவது மைனஸ் 1. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. மின்னழுத்தத்துக்குக் கால் சுற்று, அதாவது 5 மில்லிநொடி, முந்தியோ பிந்தியோ ஓடும் மின்னோட்டத்தின் பங்கைத்தான் கற்பனைப் பகுதி குறிக்கிறது. அது சுமக்கும் ஆற்றல் போய்த் திரும்பிவிடுகிறது, சராசரி பூச்சியம். ஆனால் போகும்போதும் வரும்போதும் கம்பி சூடாகிறது. பார்வதிபுரம் நண்பர் உவமையைக் குறை சொல்கிறார். எனக்கு இடைஞ்சலாக இருந்தது உவமை அன்று, அந்தப் பெயர்தான்.

குலசேகரத்திலிருந்து:

நான் இப்போது முதலாண்டு. சமநிலைக் கணக்கில் எந்தப் புள்ளியைச் சுற்றி வேண்டுமானாலும் திருப்புத்திறன் (விசை பெருக்கல் தூரம்) எடுக்கலாம் என்கிறார்கள். நேற்று வகுப்பில் நான் ஒரு முனையையும் என் தோழி மறுமுனையையும் எடுத்தோம். இருவருக்கும் ஒரே விடை வந்தது. சுழலாத இடத்தைச் சுற்றித் திருப்புத்திறன் எடுப்பது எப்படிச் சரியாகும் என்று விளங்கவில்லை.

முட்டத்திலிருந்து:

தங்கையே, மொத்த விசை பூச்சியமாக இருந்தால், புள்ளியை எவ்வளவு தூரம் நகர்த்தினாலும் கூடுதலாக வருவது அந்தத் தூரம் பெருக்கல் பூச்சியம்தான். பலகை எந்த இடத்தைச் சுற்றியும் சுழலவில்லை என்பதுதான் சமநிலை. ஆகவே எந்த இடத்தில் நின்றும் கேட்கலாம். 3 மீட்டர் பலகை, இரு முனைகளிலும் தாங்கி, இடமுனையிலிருந்து 1 மீட்டரில் 60 கிலோ எடையுள்ள ஆள். பலகையின் எடையை விட்டுவிடுங்கள். முனைகளைச் சுற்றி எடுத்த பிறகு, ஆள் நிற்கும் இடத்தைச் சுற்றியும் எடுத்துப் பாருங்கள்.

குலசேகரத்திலிருந்து:

முனைகளைச் சுற்றி எடுத்தபோது இடப்பக்கம் 40, வலப்பக்கம் 20 கிடைத்தன. ஆள் நிற்கும் இடத்தைச் சுற்றி எடுத்தபோது 60 கணக்கிலேயே வரவில்லை. ஆனாலும் 40-ஐ 1-ஆலும் 20-ஐ 2-ஆலும் பெருக்கினால் இரண்டும் 40 ஆகின்றன. நாளை தோழியிடம் பலகைக்கு வெளியே ஒரு புள்ளியை எடுத்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.