வேலையை விடாமல் புது வேலை தேடுவதும், கூடவே வெளிவேலை எடுப்பதும்

கேள்வி: இருக்கிற வேலையை விடாம வேறு வேலை தேடணும். ராத்திரியில ஃப்ரீலான்ஸும் எடுக்கலாமா? எதை முதலில் பார்க்கணும்?

பதில் 1: முதலில் வேலை ஒப்பந்தம். வெளிவேலைத் தடை, படைப்புரிமை (நீங்க செஞ்சது யாருக்குச் சொந்தம்ங்கிறது), நோட்டீஸ் காலம் (வேலையை விடப்போறதை எவ்வளவு முன்னாடி சொல்லணும்ங்கிறது) மூணையும் வரி விடாம படிங்க. ஆபீஸ் லேப்டாப்பில் வெளிவேலை செஞ்சா, அதுக்கு நிறுவனம் உரிமை கொண்டாட வழி இருக்கு. மெயிலும் சொந்தமா இருக்கட்டும்.

பதில் 2: ரெஸ்யூமேல டேபிள், பக்கத்தை இடம் வலமா ரெண்டு காலமா (column) பிரிக்கிறது, இதெல்லாம் வேண்டாம். பிடிஎஃப்பைத் திறந்து, முழுசா காப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டிப் பாருங்க. தேதி ஒரு பக்கம், பதவி ஒரு பக்கம்னு சிதறி வந்தா, நிறுவனங்கள் ரெஸ்யூமேக்களை வடிகட்டப் பயன்படுத்துற மென்பொருளுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். "அறிக்கைகளுக்குப் பொறுப்பு"ன்னு எழுதாதீங்க. "3 நாள் எடுத்த மாத அறிக்கையை 4 மணி நேரமா குறைச்சேன்"னு எழுதுங்க. உண்மையா இருந்தா மட்டும்!

பதில் 3: வெளிவேலைக்கு விலை சொல்றப்போ மெயில், பில், திருத்தம் எல்லாத்தையும் நேரக் கணக்கில் சேருங்க. 10 மணி நேர வேலைன்னா 13 மணி நேரம் வைங்க. பாதி முன்பணம், 2 திருத்தம் வரை மட்டும்னு எழுத்தில் வாங்கிடுங்க. "சின்ன மாற்றம்தான்"னு ஆரம்பிக்கிறதுதான் நேரத்தைத் தின்னும். வேலை தர உங்ககிட்டயே பணம் கேட்டா, அது மோசடி.

கேள்வி கேட்டவர்: நோட்டீஸ் எப்போ கொடுக்கணும்?

பதில் 1: கையெழுத்தான ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு. வாய்வார்த்தையை நம்பிக் கொடுக்காதீங்க.