பொருள்: ரோஜர் கிரெய்க் கட்டுரை – பிட்சர், மேனேஜர், ஸ்பிளிட்டர்: தமிழ்ச் சொல் வேண்டும் (அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு,

பதின்ம வயதினருக்கான விளையாட்டு வீரர் வரலாறுகள் தொகுதி ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பேஸ்பாலில் வந்து நிற்கிறேன். ஆட்டத்தின் பெயர் அடிபந்தாட்டம். அதில் சிக்கல் இல்லை. ஆள்தான் சிக்கல்.

ரோஜர் கிரெய்க், 1955-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் பிட்சராக (மட்டையோடு நிற்பவரை நோக்கிப் பந்தை விடுபவராக) நுழைந்து, அந்த ஆண்டே உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தை வென்று கொடுத்தவர். 1962-இல் புதிதாக உருவான நியூயார்க் மெட்ஸ் அணியின் முதல் ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சரும் அவரே. அந்த ஆண்டு அவர் பெயரில் 24 தோல்விகள், அடுத்த ஆண்டு 22. அந்த 22-இல் 18 அடுத்தடுத்து வந்தவை. பிறகு பிட்சர்களுக்குப் பயிற்சி கொடுப்பவராகி, 1984-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் உலகத் தொடரை வென்றபோது அந்த அணியோடு இருந்தார். 1978, 1979-இல் சான் டியாகோவுக்கும், 1985 முதல் 1992 வரை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கும் மேனேஜர்.

பந்துவீச்சாளர் என்று எழுதினால், இதே நூலில் கிரிக்கெட் அத்தியாயமும் இருப்பதால் பிள்ளைகள் குழம்புவார்கள். பிட்சர், அவருடைய பயிற்சியாளர், அவர் போடும் பந்து எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தால் நல்லது. வழி சொல்லுங்கள்.

*

மறுமொழி: மதுரையிலிருந்து

அம்மா, எறிநர் என்று வையுங்கள். எறிநர், எறிபயிற்றுநர், எறி. வேர் ஒன்று, கிளை மூன்று. கருவியால் விடுவது எய்தல், கையால் விடுவது எறிதல். கிரிக்கெட்டில் முழங்கையை 15 பாகைக்கு மேல் நீட்டினால் அது பிழை. இங்கே முழங்கையை மடக்கித்தான் விடுகிறார்கள். செயலுக்கு உரிய வினை எறிதலே. புறநானூறு ‘களிறு எறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே’ என்கிறது. அந்த வீறு வீசுதலில் இல்லை. வீசுதல் என்றால் சங்கத் தமிழில் வரையாது வழங்குதல். மட்டையோடு நிற்பவனுக்குப் பிட்சர் எதையும் வழங்க நினைப்பதில்லை.

*

மறுமொழி: கோவையிலிருந்து

ஐயாவுக்கு வணக்கம். நான் உடற்கல்வி ஆசிரியர். களத்தில் நின்று பார்த்தால் எறிநர் நிற்காது. இந்த ஆட்டத்தில் எல்லோரும்தான் எறிகிறார்கள். பின்னால் குந்தியிருந்து பிடிப்பவர் இரண்டாம் தளத்துக்கு எறிவார், ஓரத்தில் நிற்பவர் உள்ளே எறிவார். ஆங்கிலத்திலேயே அதற்கு ஒரு வினை, பிட்சர் செய்வதற்கு வேறு வினை. இரண்டுக்கும் எறி என்றால் வகுப்பில் விதியை விளக்கவே முடியாது. மற்றவர்கள் செய்வது எறிதல், களத்தின் நடுவே மேட்டில் நிற்கும் பிட்சர் செய்வது வீசுதல் என்று பிரித்துவிடுவோம். பந்தை விட்டுவிட்டு வெறும் ‘வீச்சாளர்’ போதும். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர், இங்கே வீச்சாளர். பயிற்சி தருபவர் வீச்சுப் பயிற்றுநர்.

இன்னொன்று. ‘களிறு எறிந்து’ என்பதில் எறிதல் வாளால் வெட்டி வீழ்த்துவது. அங்கே கையை விட்டு எதுவும் பறக்கவில்லை.

*

மறுமொழி: மதுரையிலிருந்து

எறிதலின் அடிப்பொருள் விசையோடு தாக்குதல். வெட்டுதலும் விடுதலும் அதன் விரிவுகள். திரை கரையை எறிகிறது, முரசை எறிகிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, பந்து என்ற சொல்லை உதிர்த்தால் வேறுபாடு வந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. நாளேடுகள் இப்போதே கிரிக்கெட்டுக்கு வேகப்பந்து வீச்சாளர், சுழல் வீச்சாளர் என்று எழுதுகின்றன. உங்கள் வேலி ஒரு மாதம் தாங்காது.

*

மறுமொழி: சான் ஹோசேயிலிருந்து

அக்கா, மேனேஜர் பற்றி யாருமே சொல்லவில்லை. தயவுசெய்து மேலாளர் என்று போட்டுவிடாதீர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வீரர்களை வாங்கி விற்பவர் பொது மேலாளர். 1985-இல் கிரெய்க்கை ஜயன்ட்ஸுக்குக் கொண்டுவந்த அல் ரோசன் அந்தப் பதவியில் இருந்தவர். மேனேஜர் வீரர்களைப் போலவே அணிச்சட்டை போட்டு, களத்தின் ஓரத்தில் இருப்பார். யார் எந்த வரிசையில் அடிப்பது என்று எழுதுவார். மேட்டுக்கு நடந்து வந்து, பிட்சர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு வேறொருவரை இறக்குவார். தலைமைப் பயிற்றுநர் என்றால் ஓரளவு பொருந்தும். ஆனால் கிரெய்க் முதலில் பயிற்றுநர், பிறகு மேனேஜர். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அவர் ஏறிய படியே தெரியாது. ‘ஆட்ட நெறியாளர்’ எப்படி?

*

மறுமொழி: மதுரையிலிருந்து

நெறியாளர் அருமை. தம்பிக்கு என் வாழ்த்து. எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பயிற்றுநர்தான், பயிற்றுனர் அன்று. இயக்குநர், ஓட்டுநர் போல இங்கே வருவது ‘ந்’ என்னும் பெயர் இடைநிலை. றன்னகரம் போடுவது பிழை. திரைப்படச் சுவரொட்டிகளிலிருந்து பாடநூல் வரை இந்தப் பிழை பரவிவிட்டது.

*

மறுமொழி: கோவையிலிருந்து

நெறியாளர் என்றதும் என் மாணவர்களுக்குத் தொலைக்காட்சி விவாதம் நடத்துபவர்தான் நினைவுக்கு வருவார். ‘ஆட்ட’ என்ற முன்னொட்டு இருந்தால் ஒப்புக்கொள்கிறேன்.

*

மறுமொழி: தொடங்கியவரிடமிருந்து

நெறியாளருக்கு நன்றி. இனி ஸ்பிளிட்டர். இந்த மனிதரின் புகழே அதில்தான் இருக்கிறது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அகல விரித்து, நடுவில் பந்தைச் செருகி, வேகப்பந்து போலவே கையைச் சுழற்றி விடுவது. வேகப்பந்துக்குப் பின்சுழற்சி அதிகம். அது பந்தைத் தாங்குகிறது. விரல் விரிந்தால் அந்தச் சுழற்சி குறையும், பந்து அடிப்பவர் அருகே வந்து சட்டென்று தாழும். இதைக் கிரெய்க் கண்டுபிடிக்கவில்லை. புரூஸ் சட்டர் என்ற பிட்சர் முன்பே போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பலருக்குக் கற்றுக்கொடுத்துப் பரப்பியவர் கிரெய்க். டெட்ராய்ட்டில் ஜாக் மோரிஸ், பிறகு ஹியூஸ்டனின் மைக் ஸ்காட். 1986 செப்டம்பர் 25 அன்று ஸ்காட் ஓர் அடிகூட விட்டுக்கொடுக்காமல் ஆடி, ஹியூஸ்டனைப் பிரிவு முதலிடத்தில் அமர்த்தினார். எதிரணி ஜயன்ட்ஸ், அதன் மேனேஜர் கிரெய்க். கட்டுரையின் உச்சம் இந்த இடம். இங்கே சொல் தடுக்கினால் எல்லாம் போயிற்று.

*

மறுமொழி: மதுரையிலிருந்து

கவை. கிளை பிரியும் இடம். பெரும்பாணாற்றுப்படையில் நண்டு ‘கவைத்தாள் அலவன்’. விரித்த இரு விரலுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் இல்லை. கவையெறி என்க.

*

மறுமொழி: சான் ஹோசேயிலிருந்து

கவை என்றால் யாருக்கும் புரியாது ஐயா. கவட்டை வீச்சு என்றால் குருவி அடித்த எல்லோருக்கும் புரியும். அதே வேர்தானே?

*

மறுமொழி: கோவையிலிருந்து

வேர் அதேதான். ஆனால் எங்கள் பக்கம் கவட்டை என்றால் தொடையிடுக்கு. எட்டாம் வகுப்பில் நான் அதைப் படித்துக்காட்ட முடியாது. ‘விரிவிரல் வீச்சு’ என்று போடுங்கள். வினைத்தொகை, படித்ததும் கை தானாக விரியும்.

*

மறுமொழி: தொடங்கியவரிடமிருந்து

நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் வீச்சாளர் பக்கம்தான் ஆள் அதிகம். ஆகவே வீச்சாளர், வீச்சுப் பயிற்றுநர், ஆட்ட நெறியாளர், விரிவிரல் வீச்சு. முதலில் வருமிடத்தில் பிட்சர், மேனேஜர், ஸ்பிளிட்டர் என்ற ஒலிபெயர்ப்பும் பக்கத்தில் இருக்கும். அனைவருக்கும் நன்றி.

*

மறுமொழி: மதுரையிலிருந்து

காலக்கெடு புரிகிறது. இருந்தாலும் என் மறுப்பைக் குழு ஆவணத்தில் பதிந்துவைக்க வேண்டுகிறேன். வீச்சாளர் தவறு, எறிநரே சரி. விரிவிரல் நல்ல சொல், அதில் எனக்கு மறுப்பில்லை. ‘விரிவிரல் எறி’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அம்மா.

*

மறுமொழி: சான் ஹோசேயிலிருந்து

அக்கா, மாற்று வீச்சாளர்கள் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் புல்பென்னுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?