டாமிக்குக் குரல் வந்த நாள்

நெல்லைத்தம்பி:

ஹாலிவுட் நடிகர் ரே லியோட்டா உங்களுக்கு எப்படி அறிமுகம்? நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

2004 வாக்கில் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர், நாலில் ஜிடிஏ வரிசை வீடியோ கேமான வைஸ் சிட்டி. ஸ்பீக்கர் மட்டும் ஒன்றுதான், அதுவும் கடைக்கார அண்ணன் மேசையில். அவர் பாட்டு கேட்பார். அதனால் அந்த கேமின் நாயகன், பூப்போட்ட சட்டைக்கார டாமி வெர்செட்டி எனக்கு இரண்டு வருடம் ஊமை. வாய் அசையும், கை ஆடும், கீழே எழுத்து ஓடும். மணிக்கணக்குக்குக் காசு கொடுத்தவன் அதையெல்லாம் படிப்பானா? மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட் கோட் தாள்தான், அதாவது விளையாட்டில் குறுக்குவழி தரும் ரகசியச் சொற்களின் தாள்தான், எங்கள் பாடப்புத்தகம். பான்சர் என்று அடித்தால் டேங்க் வரும். ஆஸ்பிரின் என்று அடித்தால் உயிர் நிரம்பும், ஆனால் ஸ்பெல்லிங்கில் கடைசியாக ஒரு 'ஈ' சேர்க்க வேண்டும். லீவ்மீஅலோன் அடித்தால் போலீஸ் போய்விடும். எங்களில் பாதிப் பேர் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதிய முதல் வாக்கியம் அதுதான்.

அப்புறம் ஒரு லீவில் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது அண்ணன் ஹெட்போனை மாட்டிவிட்டான். துறைமுகத்தில் பேரம் கெட்டு, பணமும் சரக்கும் பறிபோய், டாமி முதலாளிக்கு போன் போடுகிற காட்சி. லேசான கரகரப்பு. உள்ளே கொதிக்கிறது, குரலை மட்டும் அடக்கிப் பிடித்திருக்கிறான். 15 வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இதற்கு முந்தைய ஜிடிஏ 3-இல் நாயகன் வாயே திறக்க மாட்டான். அடுத்ததிலேயே, 2002-இல், இப்படி ஒரு குரல்!

ஹாஸ்டலில் 'குட்ஃபெல்லாஸ்' போட்டார்கள். 1990-இல் வந்த ரவுடிப் படம், லியோட்டாதான் நாயகன். முகத்தைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. அவர் ஹென்றி ஹில்லாகக் கதை சொல்ல ஆரம்பித்ததும் "டேய், டாமிடா" என்று கத்திவிட்டேன். டாமிக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான்.

ஜாய்ஸ்டிக்_ஜமால்:

வைஸ் சிட்டியில் அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷனை யாராவது ஒரே தடவையில் முடித்திருக்கிறீர்களா? கட்டுமானக் கட்டடத்துக்குள் நாலு குண்டு வைக்க வேண்டும். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. அதைக் கொடுக்கும் ரியல் எஸ்டேட் ஆளுக்குக் குரல் பர்ட் ரெனால்ட்ஸ் என்று பிற்பாடுதான் தெரிந்தது. திட்டினாலும் பெரிய நடிகரைத்தான் திட்டியிருக்கிறேன். படம் எடுக்கிறவராக வருபவர் டென்னிஸ் ஹாப்பர். இத்தனை பழம்பெரும் ஆட்களுக்கு நடுவில் லியோட்டா குரல் கீழே இறங்காமல் நின்றதே, அதைச் சொல்ல வேண்டும்.

எடிசன்காரன்:

நான் இருப்பது நியூ ஜெர்சியில். லியோட்டா பிறந்த நெவார்க், வளர்ந்த யூனியன் இரண்டும் எனக்குப் பக்கம்தான். ஆறு மாதக் குழந்தையாக அனாதை இல்லத்திலிருந்து தத்தெடுக்கப்பட்டவர். வளர்த்த அப்பா கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். இத்தாலிய ரவுடி என்றாலே இவர் முகம்தான் நினைவுக்கு வரும், ஆனால் பெற்றவளைத் தேடிக் கண்டுபிடித்தபோது தன் ரத்தம் பெரும்பாலும் ஸ்காட்லாந்து என்று தெரிந்துகொண்டார்.

என் ஆபீஸ் பேஸ்பால் பைத்தியங்களுக்கு அவர்மேல் ஒரு பழைய கோபம் உண்டு. 1989-இல் ஒரு படத்தில் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் என்ற பழைய பேஸ்பால் வீரராக நடித்தார். நிஜ ஜாக்சன் இடது கையால் அடிப்பவர், இவர் வலது கையால் அடித்துவிட்டார். இன்றைக்கும் மதியச் சாப்பாட்டில் இதைப் பற்றிச் சண்டை நடக்கும். எனக்கு அந்த ஆட்டமே புரியாது, சும்மா தலையாட்டுவேன்.

நெல்லைத்தம்பி:

லியோட்டா 2022 மே மாதம், டொமினிக்கன் குடியரசில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 67. செய்தியை எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் ஆங்கிலத்தில் ஆஸ்பிரின் என்று அடித்தான். இன்னொருவன், அடுத்தவன், வரிசையாகப் பதினோரு பேர்.

கடைசியில் கடைக்கார அண்ணன் வந்தார்: "டேய், எவனும் ஈ போடலையேடா."