ரா பவர்: போவி மிக்ஸா, இக்கி மிக்ஸா?

பேஸ்காரன்

அமெரிக்க ராக் குழுவான ஸ்டூஜஸின் 'ரா பவர்' ஆல்பம் பற்றி ஒருமுறையாவது மனம்விட்டுப் பேசிவிடலாம் என்று இந்தத் திரியைத் தொடங்குகிறேன். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1972 செப்டம்பர், அக்டோபரில் லண்டன் சிபிஎஸ் ஸ்டுடியோவில் பதிவானது. தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்து ஒன்றாகக் கலப்பதுதான் மிக்ஸ். முதல் மிக்ஸைச் செய்தவர் குழுவின் பாடகர் இக்கி பாப். அது நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலேய ராக் பாடகர் டேவிட் போவியைக் கூப்பிட்டார்கள். அவர் ஹாலிவுட்டில் ஒரே நாளில் மிக்ஸ் செய்து முடித்தார். 1973 பிப்ரவரியில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது அதைத்தான். பில்போர்டு பட்டியலில் 182ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

24 வருடம் கழித்து, 1997இல், இக்கியே மூல நாடாக்களை எடுத்து மறுபடியும் மிக்ஸ் செய்தார். என் வாக்கு அதற்குத்தான்.

காரணம் சொல்கிறேன். நான் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி கிட்டார், வாசிக்கிறவன். கல்லூரி நாட்களில் 'ஷேக் அப்பீல்' பாட்டின் பேஸ் வரியைக் காதால் கேட்டுப் பிடிக்கப் பார்த்தேன். போவி மிக்ஸ், ஹெட்ஃபோன், மூன்று ராத்திரி. கிட்டார் கேட்கிறது, குரல் கேட்கிறது, டிரம்ஸ் பக்கத்து வீட்டில் யாரோ பெட்டியைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. பேஸ் எங்கே? பிறகு ஒரு நண்பர் 1997 சிடியைக் கொடுத்தார். முதல் அரை நிமிடத்திலேயே விரல் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. அத்தனை வருடமும் அந்தக் குழுவில் ஒரு ஆளைக் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

ஊசிமுனை

பேஸ் கேட்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்றும் பார்க்க வேண்டும்.

ஒலிப்பதிவுதான் எனக்குத் தொழில். அந்த 1997 சிடியைக் கணினியில் போட்டு அலைப்படத்தைத் திறந்து பாருங்கள். மேடு பள்ளமே இல்லை. மேலேயும் கீழேயும் இழைப்புளி போட்டு இழைத்த பலகை மாதிரி இருக்கும். டிஜிட்டலில் ஒரு உச்ச அளவு உண்டு. அதற்கு மேல் போகிற ஒலிக்கு இடமே கிடையாது, வெட்டுப்பட்டுவிடும். சில இடங்களில் சராசரி அளவே அந்த உச்சத்துக்கு வெறும் 4 டெசிபல் கீழேதான் நிற்கிறது. டிரம் அடி ஒன்று விழுந்தால் அது எழும்ப இடம் எங்கே இருக்கிறது? எழும்பாத அடி அடியே இல்லை. இரண்டாம் பக்கம் வருவதற்குள் காது களைத்துவிடுகிறது. மொத்தமே எட்டுப் பாட்டு, 34 நிமிடம்தான். அதைக்கூட ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

பேஸ்காரன்

அது தப்பாக நடந்த விஷயமில்லை, தெரிந்தே செய்தது. மீட்டர் முள் சிவப்பிலேயே நிற்க வேண்டும் என்று இக்கி விரும்பித்தான் செய்தார், அதை வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார். ஆல்பத்தின் பெயரே 'பச்சை வலிமை' என்றால் அதைப் பதமாக வேகவைத்துப் பரிமாறச் சொல்கிறீர்களா?

நள்ளிரவு

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் ராக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். கடையில் 2010இல் வந்த பதிப்பு இருக்கிறது, 'ரீமாஸ்டர்' என்று போட்டிருக்கிறது. அது இந்த இக்கி மிக்ஸ்தானா?

ஊசிமுனை

இல்லை தம்பி, நிறையப் பேர் குழம்புகிற இடம் இது. ரீமிக்ஸ் என்றால் தனித்தனி ட்ராக்குகளுக்கே திரும்பிப் போய் எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று முதலிலிருந்து முடிவு செய்வது. 1997இல் நடந்தது அது. ரீமாஸ்டர் என்றால் முடிந்த மிக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு மொத்த ஒலியையும் சீர்செய்வது. 2010இல் வந்தது போவி மிக்ஸின் ரீமாஸ்டர். கூடவே 1973 அக்டோபரில் அட்லாண்டாவில் நடந்த கச்சேரியும் உண்டு. தயங்காமல் வாங்குங்கள்.

மழைக்காலம்

நானும் போவி மிக்ஸ் பக்கம்தான். ஆனால் என் காரணம் வேறு.

பங்க் ராக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஜோன்ஸ் இந்த ஆல்பத்தைப் போட்டு, கூடவே வாசித்து வாசித்துக் கற்றுக்கொண்டவர். நிர்வானா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தன் நோட்டுப் புத்தகத்தில் பிடித்த ஆல்பங்களைப் பட்டியல் போட்டபோது முதலில் எழுதியது 'ரா பவர்'. அவர் இறந்தது 1994இல், இக்கி மிக்ஸ் வருவதற்கு முன்பே. அப்படியானால் இவர்கள் இருவரையும் உலுக்கிய ஒலி எது? மெலிந்த டிரம்ஸும் காணாமல் போன பேஸும், முகத்துக்கு நேரே வந்து கீறுகிற, ஸ்டூஜஸின் ஜேம்ஸ் வில்லியம்சனுடைய கிட்டாரும் கொண்ட அந்த ஒலிதான். அந்தக் கோணல்தான் ஒரு தலைமுறைக்குப் பாடமாக இருந்தது. பங்க் அந்தக் கோணலிலிருந்து முளைத்தது. இப்போது போய் நிமிர்த்திக் கொடுத்தால் எனக்கு அது வேறு ஆல்பம்.

இன்னொன்று. 'கிம்மி டேஞ்சர்' பாட்டில் போவி 'டைம் க்யூப்' என்ற கருவியைப் பயன்படுத்தினார். ஒலியை ஒரு குழாய்க்குள் அனுப்பி, மறுமுனையில் சற்றுத் தாமதமாகப் பிடிக்கிற கருவி. அதில் கிட்டாருக்குக் கிடைத்த எதிரொலி அவ்வளவு அழகு என்று பிற்பாடு புகழ்ந்தவர் வேறு யாருமில்லை, இக்கிதான்.

பேஸ்காரன்

அந்தப் பாட்டை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். உண்மையாகவே அந்த எதிரொலி அழகுதான். ஆனால் "முதலில் வந்தது, அதனால் அதுவே சரி" என்பதை ஏற்க முடியாது. பாடினவர் அவர். எழுதினவர்கள் அவரும் வில்லியம்சனும். தன் கையிலிருந்து பிடுங்கப்பட்ட வேலையை 24 வருடம் கழித்து முடிக்க ஒரு கலைஞனுக்கு உரிமை கிடையாதா?

ஊசிமுனை

உரிமை இருக்கிறது. கேட்கிறவனுக்கும் காது இருக்கிறது. பேஸ் பேஸ் என்கிறீர்களே, அந்தப் பேஸை வாசித்த ரான் ஆஷ்டன் என்ன சொன்னார்? புது மிக்ஸில் வில்லியம்சனின் கிட்டாரிலிருந்த வழவழப்பு போய்விட்டது, இக்கி தன் முனகல் உறுமல் ஒன்றுவிடாமல் திரும்பச் சேர்த்துக்கொண்டார், எனக்குப் பழையதே பிடித்திருந்தது என்றார். தன் பேஸ் கேட்காத மிக்ஸை அந்தப் பேஸ்காரரே தேர்ந்தெடுத்திருக்கிறார்!

பேஸ்காரன்

இதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நேற்று முழுக்க யோசித்தேன்.

ரான் யார்? முதல் இரண்டு ஆல்பங்களிலும் கிட்டார் வாசித்தவர். வில்லியம்சன் வந்ததும் கிட்டாரைக் கொடுத்துவிட்டு பேஸுக்குத் தள்ளப்பட்டவர். அவர் காது கிட்டாரைத்தான் முதலில் தேடியிருக்கும், பேஸை அல்ல. அது எனக்குப் புரிகிறது. ஆனால் விருப்பமில்லாமல் எடுத்த கருவியில் அவர் என்ன வாசித்திருக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? தம்பி ஸ்காட்டின் டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே மூச்சில் வாசிப்பது 1997இல்தான் எனக்குக் கேட்டது. ரானுக்கே அது பெரிதாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குப் பெரிது.

மழைக்காலம்

ஒரு சந்தேகம். நாடாவில் மூன்றே ட்ராக்கில்தான் ஒலி இருந்தது, குழு முழுக்க ஒன்றில், கிட்டார் ஒன்றில், குரல் ஒன்றில், மிக்ஸ் செய்ய அங்கே எதுவுமே இல்லை என்று போவி நினைவுகூர்ந்திருக்கிறார். அப்படியானால் 1997இல் பேஸும் டிரம்ஸும் எப்படி இவ்வளவு மேலே வந்தன?

ஊசிமுனை

அதே ட்ராக்கில் கீழ்ச்சுருதிகளை மட்டும் ஏற்றி, அழுத்திப் பிடித்து இழுத்தாலும் பேஸ் ஓரளவு மேலே வரும். அல்லது போவியின் நினைவு கொஞ்சம் சுருங்கியிருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. அது அவருடைய வேலையைக் குறைத்துச் சொல்வதாகாது. ஒரு நாளில் அதைக் காப்பாற்றியதே பெரிது.

நள்ளிரவு

இரண்டையும் கேட்டுவிட்டேன். ஊசிமுனை அண்ணா தனிமடலில் சொன்னபடி, இரண்டின் சத்தமும் ஒரே அளவாகும்வரை 1997 மிக்ஸைக் குறைத்து வைத்துக்கொண்டேன். 'சர்ச் அண்ட் டிஸ்ட்ராய்' முதலில். சத்தம் சமமானதும் 1997இன் பலம் பாதி போய்விட்டது, கிட்டார் கூட்டத்தில் அமுங்கிவிட்டது. போவி மிக்ஸில் அது தனியாக வந்து குத்தியது.

ஆனால் 'டெத் ட்ரிப்' வந்ததும் எனக்கு 1997தான் வேண்டும் என்றிருந்தது. பேஸ்காரன் அண்ணா சொன்ன அந்த இரண்டு பேரையும் அதில்தான் கேட்டேன்.

பேஸ்காரன்

அடுத்து 'ஷேக் அப்பீல்' போடுங்கள் தம்பி. சத்தத்தைக் குறைக்காமல்.