வீவக (சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீட்டு) சமையலறையில் டிரைஃபிள்: செய்து பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்

ஈசூன் அக்கா:

தீபாவளியன்று வீட்டுக்கு வருபவர்களுக்கு முறுக்கும் அதிரசமும் போகும் வீட்டிலெல்லாம் கிடைக்கும். பிரியாணிக்குப் பிறகு அவர்கள் தேடுவது குளிர்ச்சியாக ஏதாவது. அதனால் எங்கள் வீட்டில் இப்போது டிரைஃபிள்தான், அதாவது கேக், பழம், ஜெல்லி, கஸ்டர்டு, கிரீம் என்று கிண்ணத்தில் அடுக்கும் ஆங்கிலேய இனிப்பு. முதல் நாள் இரவே அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம் என்பது பெரிய நிம்மதி.

ஆங்கிலேயர் வீட்டு முறையில் கேக்கை ஷெர்ரி மதுவில் நனைத்து, மேலே ஜெலட்டின் ஜெல்லி ஊற்றுவார்கள். என் மேசைக்கு இரண்டும் ஆகாது. எதிர்வீட்டு மக்சிக் (மலாய் முஸ்லிம் அம்மா) பேரப்பிள்ளைகளோடு வருவார். என் மாமியார் சுத்த சைவம். ஜெலட்டின் என்பது மாடு, பன்றி இவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. அதனால் ஷெர்ரிக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு, ஜெலட்டினுக்குப் பதில் அகர் அகர். கடல்பாசியிலிருந்து வருவதால் யாரும் தயங்காமல் சாப்பிடலாம்.

இன்னொரு காரணம் நம் வெயில். ஜெலட்டின் ஜெல்லி முப்பது டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். அகர் அகர் ஒருமுறை உறைந்துவிட்டால் ஏறக்குறைய 85 டிகிரிக்குப் போனால்தான் கரையும். மதியம் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

நான் செய்வது இப்படி. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக அகர் அகர் தூளும் சர்க்கரையும் போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டுத் தூள் முழுக்கக் கரைய வேண்டும். பழச்சாறு சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பிறகே ஊற்றுங்கள். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அகர் அகரின் பிடிப்பு தளர்ந்துவிடும். கண்ணாடிக் கிண்ணத்தில் கேக் துண்டுகள், மேலே பழம், அதன்மேல் வெதுவெதுப்பான அகர் அகர். ஃபிரிட்ஜே வேண்டாம், மேசை மேலேயே உறைந்துவிடும்.

கஸ்டர்டுக்கு அரை லிட்டர் பால், மூன்று மேசைக்கரண்டி கஸ்டர்டு பவுடர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை. பவுடரைக் குளிர்ந்த பாலில் கரைத்துவிட்டுத்தான் சூடான பாலில் ஊற்ற வேண்டும். அந்தப் பவுடரில் முட்டை கிடையாது, பெரும்பாலும் சோளமாவுதான். 1837இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரெட் பர்ட் என்பவர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகக் கண்டுபிடித்தது. அந்த மனிதருக்கு எங்கள் வீட்டின் நன்றி என்றும் உண்டு! கேக்கில் முட்டை இருக்கும் என்பதால் மாமியாருக்கு மட்டும் மேரி பிஸ்கட்டை அடுக்கித் தனிக் கிண்ணம்.

ஜூரோங் தம்பி:

அக்கா, நாங்கள் வாடகை அறையில் இருக்கிறோம், கேக் சுட அவன் அடுப்பு இல்லை. கடை ஸ்பாஞ்ச் கேக் போதுமா? அப்புறம் அன்னாசி போடலாமா? எங்கள் அலுவலகப் பொங்கல் விருந்துக்கு ஒருவர் அன்னாசி போட்டு ஜெல்லி கொண்டுவந்தார், கடைசிவரை தண்ணீராகவே இருந்தது.

தெம்பனிஸ் அம்மா:

தம்பி, அது பச்சை அன்னாசியாக, அதாவது சூடுபடுத்தாத புதுப் பழமாக இருந்திருக்கும். பச்சை அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. ஜெலட்டின் புரதம், அதனால் உறையாது. அகர் அகர் புரதம் இல்லை என்பதால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் பச்சை அன்னாசி பாலோடும் கிரீமோடும் நேரம் போகப் போகக் கசக்கும். டின் அன்னாசி வாங்குங்கள், சூடுபடுத்தி அடைப்பதால் அந்த நொதி செத்துவிடும்.

கடை கேக் தாராளமாகப் போதும். நான் பாண்டான் (ரம்பை) இலை மணக்கும் சிஃபான் கேக்கில் செய்கிறேன். கஸ்டர்டில் பாதிப் பாலுக்குத் தேங்காய்ப்பால், நனைக்க குலா மலாக்கா (தென்னை வெல்லம்) பாகு. என் மருமகள் சீனப் பெண். அவள் அம்மா இதைச் சாப்பிட்டுவிட்டு எங்கள் ஊர்ப் பண்டமா என்று கேட்டார், எனக்கு அவ்வளவு சந்தோஷம். சிஃபான் மிகவும் மென்மை, பாகைக் கரண்டியால் தெளித்தால் போதும், ஊற்றினால் கூழாகிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் செய்வதானால் தேக்கா சந்தையில் பங்கனப்பள்ளி மாம்பழம் வாங்குங்கள். தீபாவளி நேரத்தில் அது வராது, தாய்லாந்து மாம்பழமோ டின் பீச்சோதான்.

ஈசூன் அக்கா:

குலா மலாக்கா யோசனை அருமை அம்மா, இந்த வருடம் செய்யப்போகிறேன்.

தம்பி, கிரீம் அடிக்கும்போது மட்டும் கவனம். கொழுப்பு 35 சதவீதமாவது உள்ள விப்பிங் கிரீம் வாங்குங்கள். பாத்திரத்தையும் அடிப்பானையும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஏர்கான் அறையில் உட்கார்ந்து அடியுங்கள். நம் சமையலறைச் சூட்டில் கிரீம் நுரைத்து நிற்காது. கஸ்டர்டும் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ஆறும்போது பிளாஸ்டிக் தாளை அதன் மேல் ஒட்டினாற்போல் போட்டால் ஆடை படியாது. கிரீமை விருந்தன்று காலையில் போடுங்கள், மற்ற அடுக்குகள் எல்லாம் முந்தைய இரவே.