கண்மாய் கேமரா: கரண்ட் வந்ததும் தானாக எழுந்துகொள்ளும்படி செய்தாயிற்று

எல்லோருக்கும் வணக்கம்.

ஐப்பசி அடைமழையில் கண்மாய் பெருகுவதை யூடியூப் நேரலையில் பார்க்கலாம் என்று ஆசையாக உட்கார்ந்தவர்களுக்கு மூன்று வாரமாகக் கறுப்புத் திரைதான் கிடைத்தது. பழி என்னுடையதுதான், கேமராவை மாட்டிவிட்டு விடுமுறை முடிந்து ஷார்ஜாவுக்கு விமானம் ஏறியவன் நான். ஊரில் கரண்ட் போய்ப் போய் வர, ஒவ்வொரு முறையும் நம்மில் யாராவது சித்தப்பாவுக்குப் போன் போட, அவர் முழங்கால் வலியோடு ஏணி ஏறி ஒயரைப் பிடுங்கிச் செருகியிருக்கிறார். இது எனக்குப் போன வாரம்தான் தெரியும். சங்கடமாகிவிட்டது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், சிங்கப்பூர் தம்பிகள் தங்கள் வீட்டுக்கும் இதேபோல ஒன்று வைக்கப் போவதாகக் கேட்டிருந்தார்கள்.

மாடியில் இருப்பது ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி, அதன் சொந்தக் கேமராவோடு. (5 புதுசாச்சே, அதை வாங்கவில்லையா என்று கேட்ட மாமாவுக்கு: 5-இல் எச்.264 என்ற முறையில் வீடியோவைச் சுருக்கித் தரும் தனி வன்பொருளை எடுத்துவிட்டார்கள். நமக்கு வேண்டியதே அதுதான்.) ஆர்பிகேம்-விட் என்ற நிரல் படத்தை எடுத்துக் கொடுக்கும், எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு நிரல் அதை வாங்கி யூடியூபுக்குத் தள்ளும். அங்கே ஒலித் தடமும் வேண்டும் என்பதால் வெறும் மௌனத்தைச் சேர்த்து அனுப்புகிறோம், மைக் கிடையாது, கரையில் யார் யாரைத் திட்டினாலும் வெளியே போகாது.

முதலில் நான் செய்தது சோம்பேறி வேலை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான்டாபில் 'அட் ரீபூட்' (கணினி எழும்போது ஓட்டு) என்று ஒரு வரி, அவ்வளவுதான். விடுமுறையில் பத்துத் தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், பத்துத் தடவையும் வந்தது. ஆனால் அப்போதெல்லாம் சித்தப்பா வீட்டு மோடம் ஓடிக்கொண்டே இருந்தது, பையை மட்டும்தான் அணைத்தேன்! நிஜமாகக் கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து சாகும், சேர்ந்து எழும். பை அரை நிமிஷத்தில் தயார். மோடம் மூச்சுவிட்டு, ஃபைபர் லைனைப் பிடித்து, வைஃபை கொடுப்பதற்கு மூன்று நிமிஷமாவது ஆகிறது. க்ரான்டாப் ஒரு தடவை கதவைத் தட்டும், யாரும் திறக்கவில்லை என்றால் போய்ப் படுத்துவிடும்.

அதனால் இங்கிருந்தபடியே சிஸ்டம்டி சர்வீஸாக மாற்றினேன், பின்னணியில் ஓடும் நிரல்களைத் தொடங்கி மேய்க்கும் லினக்ஸ் மேலாளர்தான் சிஸ்டம்டி. 'நெட்வொர்க்-ஆன்லைன்' வந்த பிறகு தொடங்கு, 'ரீஸ்டார்ட்' என்பதற்கு 'ஆல்வேஸ்', செத்தால் மறுபடி எழுப்பு. இதோடு முடிந்தது என்று நினைத்தேன், அடுத்த கரண்ட் கட்டிலேயே மறுபடி கறுப்பு. லாக்கை (நடந்ததெல்லாம் பதிவாகும் குறிப்பை) பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நெட்வொர்க்குக்காக அது ஒரு நிமிஷம்தான் காத்திருக்கிறது, அதற்கு மேல் பொறுமை இல்லாமல் எப்படியும் தொடங்கிவிடுகிறது. தொடங்கியதும் தோல்வி, 0.1 விநாடியில் மறுபடி, மறுபடி தோல்வி. பத்து விநாடிக்குள் ஐந்து தடவை விழுந்தால் 'இது தேறாது' என்று சிஸ்டம்டி கைவிட்டுவிடும், அதுதான் அதன் இயல்பான அமைப்பு. 'ஆல்வேஸ்' என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். மோடம் உயிர்பெற்று வரும்போது நம் சர்வீஸ் தூங்கி இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

திருத்தம் இரண்டே வரி. 'ரீஸ்டார்ட்செக்' 15 விநாடி, அதாவது விழுந்தால் அவ்வளவு நேரம் பொறுத்து எழுப்பு. 'ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்' 0, அதாவது எத்தனை தடவை விழுந்தாலும் கணக்குப் பார்க்காதே. இந்த இரண்டாவது வரியை 'யூனிட்' பகுதியில் போடணும், 'சர்வீஸ்' பகுதியில் போட்டு அரை நாளைக் கெடுத்தேன்.

நேற்றும் முந்தாநாளும் கரண்ட் போய் வந்தது, யாரும் ஏணி ஏறவில்லை, படம் தானாக வந்துவிட்டது. படத்தின் மூலையில் மணி மட்டும் முதலில் கொஞ்ச நேரம் தப்பாகக் காட்டும், பை 4-க்குள் கடிகார பேட்டரி கிடையாது, இணையம் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளும். நியூஜெர்சி அக்கா, 'ராத்திரி இரண்டு மணிக்கு எப்படிடா வெயில் அடிக்குது' என்று கேட்டதற்கு விடை இதுதான்.

திடீர் திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போகும் என்ற பயம் இருந்தது, அதனால் கடைசியாக பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே (மாற்றங்களைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைக்கும் வசதி) போட்டு, கார்டில் எதுவும் எழுதாதபடி பூட்டிவிட்டேன். யாராவது உள்ளே போய் எதையாவது மாற்றினால் அடுத்த பூட்டில் அது காணாமல் போகும், முதலில் ஓவர்லேயை எடுத்துவிட்டுத்தான் கை வைக்கணும். இன்வெர்ட்டர் போடலாமே என்றவர்களுக்கு: போடலாம், ஆனால் ஆறு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் அதுவும் தீரும், திரும்ப எழுந்திருக்கத் தெரிந்திருக்கணும்.

டேட்டா கணக்கு. விநாடிக்கு 1 மெகாபிட் வைத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு 10.8 ஜிபி, மாதம் 325 ஜிபி அளவில் வரும். இது சித்தப்பாவின் இணைப்பில்தான் ஓடுகிறது. அந்த மாதக் கட்டணத்தைச் சங்கமே கட்டணும் என்று கேட்கிறேன், அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். அப்புறம் கேமராவைக் கிழக்கே திருப்பச் சொல்லி இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள், முடியாது. அந்தப் பக்கம் பெண்கள் குளிக்கிற படித்துறை. கலுங்கும் மடையும் தெரிகிறது, மறுகால் பாய்ந்தால் தெரியும், அது போதும்.

இனிமேல் படம் நின்றால் ஐந்து நிமிஷம் பொறுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள், ஊருக்குப் போன் போட வேண்டாம்.